சிறுவயது கார்ட்டூன்களில் பார்த்த தலைவர்கள்

கேள்வி: சிறுவயதில் பார்த்த கார்ட்டூன் பாத்திரங்களிடமிருந்து தலைமைப் பண்பு பற்றி என்ன கற்றுக்கொண்டீர்கள்?

எனக்கு முதலில் நினைவுக்கு வருபவன் ஸுகோ. 2005-இல் தொடங்கிய 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரில் 'அவதார்' எனப்படும் நாயகன் ஆங்கைத் துரத்திக்கொண்டே இருக்கும் நெருப்பு தேசத்து இளவரசன். சரியான முன்கோபி, எடுத்ததற்கெல்லாம் கத்துவான். இவனிடம் என்ன தலைமைப் பண்பு என்று கேட்கத் தோன்றும். முதல் பருவத்தில் வரும் புயல் அத்தியாயத்தைப் பார்த்தால் புரியும்.

கப்பல் புயலை நோக்கிப் போகிறது. மாலுமிகளின் உயிரைவிட அவதாரைப் பிடிப்பதுதான் முக்கியம் என்று ஸுகோ எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறான். மாலுமிகள் கொதித்துப்போகிறார்கள். அன்றிரவு கீழ்த்தளத்தில் அவர்கள் புலம்பிக்கொண்டிருக்கும்போது, ஸுகோவின் பெரியப்பா ஐரோ அங்கே வருகிறார். யாரையும் அதட்டவில்லை. கூட உட்கார்ந்து, அவன் முகத்தில் இருக்கும் தழும்பின் கதையைச் சொல்கிறார். அனுபவமில்லாத புதுப் படைவீரர்களை எதிரிக்கு இரையாக நிறுத்தி வேறு பக்கம் தாக்கலாம் என்று ஒரு தளபதி போர்க்கூட்டத்தில் திட்டம் போட்டபோது, எதிர்த்துப் பேசியவன் ஸுகோ ஒருவன்தான். அப்போது அவன் சிறுவன். அதற்குத் தண்டனையாக அப்பாவே அவன் முகத்தைச் சுட்டு, நாட்டைவிட்டும் துரத்திவிடுகிறார்.

அப்புறம் புயல் வருகிறது. மின்னல் தாக்கி, சுக்கான் பிடிப்பவர் உயரத்தில் பிடி நழுவித் தொங்குகிறார். ஸுகோ யாரையும் ஏவவில்லை, தானே ஏணியில் ஏறி அவரைப் பிடித்துவிடுகிறான். அதே நேரத்தில் ஆங் பறந்து போவது கண்ணில் படுகிறது. இத்தனை நாள் தேடி அலைந்த ஆள்! என்ன செய்யலாம் என்று லெப்டினன்ட் ஜீ கேட்கிறார். போகட்டும், முதலில் கப்பலைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறான் ஸுகோ. அதோடு, முன்பு பேசியதற்காகப் பெரியப்பாவிடம் மன்னிப்பும் கேட்கிறான்.

ஒருவர் நல்ல தலைவரா என்று பார்க்க எனக்கு இருக்கும் ஒரே அளவுகோல் இந்த அத்தியாயத்திலிருந்து வந்ததுதான். ஆபத்து வரும்போது குழுவில் இருக்கும் எளியவரை எங்கே நிறுத்துகிறார்? இனிமையாகப் பேசுகிறாரா, மேடையில் முழங்குகிறாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதற்கு நேர் எதிர், 1969-இல் தொடங்கிய 'ஸ்கூபி டூ'வில் பேய் மர்மங்களைத் துப்பறியும் நண்பர் கூட்டத்தின் தலைவன் ஃப்ரெட். பொறி வைக்கும் திட்டத்தை அவன்தான் போடுவான். ஆனால் பேய்க்கு முன்னால் இரையாக ஓட வேண்டியவர்கள், கூட்டத்திலேயே அதிகம் பயப்படும் ஷாகியும் அவன் நாய் ஸ்கூபியும்தான். மாட்டேன் என்றால் ஒரு பிஸ்கட்டை நீட்டிச் சம்மதிக்க வைப்பார்கள். சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். வேலைக்குப் போன பிறகுதான் அது உறுத்தியது. நான் முதலில் சேர்ந்த இடத்தில், கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளர் அழைத்தால் புதிதாக வந்தவரிடம்தான் போனைக் கொடுப்பார்கள். "கத்துக்கோ, நல்ல அனுபவம்" என்பார்கள். அந்த அனுபவம்தான் பிஸ்கட். இன்று என் குழுவில் அப்படிப்பட்ட அழைப்பை நான் எடுக்கிறேன். புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். சில அழைப்புகளுக்குப் பிறகு அவரே "நான் பேசட்டுமா?" என்று கேட்பார். அப்போது கொடுத்தால் போதும்.

'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' (1984) தொடரில் நல்ல ரோபோக்களின் தலைவனான ஆப்டிமஸ் பிரைம் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லன் பேட்டிகளில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். குரல் தேர்வுக்குக் கிளம்பும்போது, வியட்நாம் போரில் இருந்துவிட்டு வந்த அவர் அண்ணன், உண்மையான வீரன் கத்த மாட்டான், மென்மையாக இருக்கும் அளவுக்குப் பலம் உள்ளவனாக இரு என்று சொன்னாராம். கல்லன் அண்ணனை மனதில் வைத்தே பேசினார். 1986-இல் வந்த திரைப்படத்தில், தன் ஆட்கள் முற்றுகையில் சிக்கியிருக்கும்போது பிரைம் தனி ஆளாக எதிரிகளுக்கு நடுவே பாய்ந்து, அந்தச் சண்டையில் பட்ட காயத்தால் இறக்கிறான். கடையில் விற்கும் புது ரோபோ பொம்மைகளுக்கு இடம் வேண்டும் என்றுதான் அவனைக் கொன்றார்கள். பிள்ளைகள் அழுது தீர்த்ததில், அடுத்த ஆண்டே தொடரில் அவனை உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. குழந்தைகளுக்கு ஆயிரம் ரோபோ கிடைக்கும். அதட்டாத குரலில் பேசி, முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் தலைவன் அவ்வளவு எளிதில் கிடைக்க மாட்டான் என்பதால்தான் அந்த அழுகை என்று நினைக்கிறேன்.

ஆனால் நல்ல தலைவரிடமும் ஒரு குறை இருக்கலாம். பெயோ வரைந்த, ஸ்மர்ஃப் என்னும் குட்டி நீல மனிதர்களின் கதைகளில், 1964-இல் வெளிவரத் தொடங்கிய கதை ஒன்று. மருந்துக்கு மூலப்பொருள் தேடி, ஊர்ப் பெரியவரான பாப்பா ஸ்மர்ஃப் வெளியூர் போகிறார். பொறுப்பை யாரிடமும் விட்டுவிட்டுப் போவதில்லை. தேர்தல் வைத்தால் ஆளாளுக்குத் தலைவர் ஆசை. ஒருவன் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு வாக்குறுதி கொடுத்து ஜெயித்து, பொன்னிற உடை மாட்டிக்கொண்டு ராஜாவாகிவிடுகிறான். பாப்பா ஸ்மர்ஃப் திரும்பி வரும்போது ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. ராஜாவைத்தான் எல்லாரும் குற்றம் சொல்வார்கள். என் கண்ணுக்குப் பாப்பா ஸ்மர்ஃபின் குறையும் தெரிகிறது. அத்தனை வருடம் எல்லா முடிவையும் அவரே எடுத்தார், பக்கத்தில் ஒருவரையும் பழக்கவில்லை. அதனால் நான் விடுப்பில் போகும்போது பொறுப்பு யாருக்கு என்று பெயர் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள். விடுப்பில் இருக்கும்போது அவர்கள் எடுத்த முடிவை, திரும்பி வந்து மாற்றுவதும் இல்லை.