சிரட்டைக் கரி வடிகட்டி: கேட்டவர்களுக்கு மறுமொழி

ஆட்டுக்கொட்டிலை ஒட்டிய என் அறையில் சிரட்டைக் கரி வைத்த காற்று வடிகட்டி ஒன்று ஓடுகிறது என்று போன கிழமை வாய்விட்டுவிட்டேன். அன்றிலிருந்து விசுவமடு தொடங்கி மல்லாவி வரை ஒரே கேள்வி. எல்லாவற்றுக்கும் சேர்த்தே, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு எழுதுகிறேன்.

பரந்தன்: அண்ணா, வைக்கோல் எரிக்கிற நாட்களில் மகளுக்கு இழுப்பு வருகிறது. கரி புகையைப் பிடிக்குமா?

பிடிக்காது தங்கச்சி. கரி பிடிப்பது மணத்தையும் சில வாயுக்களையும்தான். நெஞ்சுக்குள் இறங்குகிற நுண்ணிய புகைத்தூள் கரித் துண்டுகளுக்கு இடையால் நழுவிவிடும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் காற்று கெட்டுப் பள்ளிக்கூடங்களைக்கூட மூடினார்களே, அப்படியான நாளில் கரி மட்டும் வைத்திருந்து பயனில்லை. தூளுக்கு ஹெபா (HEPA) எனும், நுண்ணிய தூளையும் பிடிக்கிற நெருக்கமான இழை வடிகட்டி வேண்டும். இதை நம்பிப் பிள்ளையின் இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

துணுக்காய்: சரி, எப்படிச் செய்தீர்கள்? செலவு எவ்வளவு?

காசு கொடுத்து வாங்கியது ஃபேன் மட்டும்தான். பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேன், சோலார் பற்றறியில் ஓடுகிறது.

முதலில் கரி. நன்றாகக் காய்ந்த சிரட்டையை மூடியுள்ள தகரப் பேணிக்குள் அடைத்து, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, வெளியில் நெருப்புக்குள் வையுங்கள். ஓட்டையால் வரும் வாயு தானே பற்றி எரியும். அந்தச் சுவாலை அடங்கினால் கரி சரி. ஓட்டையைக் களிமண்ணால் அடைத்துவிட்டு அடுத்த நாள்தான் திறக்கவேண்டும். நான் அவசரப்பட்டு அன்று பின்னேரமே திறந்தேன். காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றி, புருவம் பாதி போய்விட்டது. பத்துக் கிலோ சிரட்டையில் மூன்று கிலோ கரி தேறினால் பெரிது.

ஆறியதும் சாக்குக்குள் போட்டு உலக்கையால் மெல்லத் தட்டி, அரிதட்டில் அரித்து, பயறளவுத் துண்டுகளை மட்டும் எடுங்கள். மூக்கை மூடிக்கொண்டு செய்யுங்கள். கழுவி, நன்றாகக் காயவையுங்கள்.

பிறகு கம்பி வலையில் இரண்டு உருளை: வெளியே 20 சென்ரிமீற்றர் விட்டம், உள்ளே 14, உயரம் 30. இரண்டுக்கும் நுளம்பு வலை சுற்றினால் துண்டு சிந்தாது. நடுவே வரும் 3 சென்ரிமீற்றர் இடைவெளியில் கிட்டத்தட்ட ஐந்து லீற்றர் கரி கொள்ளும். தட்டித் தட்டி நிரப்புங்கள், வெற்றிடம் இருந்தால் காற்று அந்த வழியால் தப்பிவிடும். அடியைப் பலகையால் மூடி, மேலே ஓட்டை போட்ட பலகையில் ஃபேனைப் பூட்டுங்கள். அது உள்ளிருந்து காற்றை மேலே இழுக்கவேண்டும். கிரவல் ரோட்டுத் தூசிக்கு வெளிப்பக்கம் ஒரு சுற்றுப் பழைய வேட்டித் துணி. கரியை இன்னும் தடிப்பாகப் போட ஆசை வரும், வேண்டாம். இந்தச் சின்ன ஃபேன் இழுக்காது.

மாங்குளம்: தேசிப்புளியில் ஊறவைத்தால் கடையில் விற்கும் 'அக்டிவேற்றட்' கரி ஆகிவிடுமாமே?

வீடியோவில் ஆகிறது. தொழிற்சாலையில் 800 பாகைக்கு மேல் நீராவி விட்டுக் கரியின் நுண்துளைகளைத் திறக்கிறார்கள். அப்படித் திறந்தால் ஒரு கிராம் கரிக்குள் ஏறக்குறைய 1000 சதுர மீற்றர் பரப்பு. நம் கணக்கில் நாலு பரப்புக் காணி, அதாவது கால் ஏக்கர்! வீட்டுக் கரி அதற்குக் கிட்டவும் வராது. மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடையில் நல்ல கரி ஒரு கிலோ வாங்கிக் கலந்தால் வித்தியாசம் தெரியும். அதிலும் சிரட்டையில் செய்தது உண்டு.

நெடுங்கேணி: ஊர்க் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கழித்த கரியைச் சும்மா தருகிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாம். நனைந்து, வேலை முடிந்து போன கரி.

ஒட்டுசுட்டான்: தம்பி, நெல்லுக்கு மருந்து அடிக்கும்போது இந்தக் கரியைத் துணிக்குள் வைத்து முகத்தில் கட்டலாமா?

ஐயா, தயவுசெய்து வேண்டாம். மருந்துக்கென்று விற்கும் முகமூடி முகத்தோடு இறுக ஒட்டும், அதில் பதப்படுத்திய கரி நெருக்கி அடைத்திருக்கும், தெளிக்கும் துளிக்குத் தனி வடிகட்டியும் இருக்கும். துணியில் ஓரமெல்லாம் திறப்பு. கட்டாமல் போகிறவர் பயத்தோடாவது அடிப்பார். துணி கட்டியவர் துணிந்து காற்றுக்கு எதிரே நிற்பார், அதுதான் எனக்குப் பயம். பூச்சிமருந்துப் போத்தலைப் படுக்கும் அறையில் வைத்துவிட்டு, மணத்துக்கு வடிகட்டி கேட்ட இன்னொருவருக்கும் சொல்கிறேன்: போத்தலை வெளியே எடுங்கள்.

கிளிநொச்சி: கரண்ட் போனால் விறாந்தையில் ஜெனரேற்றர் ஓடுகிறது. அந்தப் புகைக்கு?

உதவாது. அதன் காபன் மொனொக்சைட்டைக் கரி பிடிக்காது, அதற்கு மணமும் கிடையாது. ஜெனரேற்றரை வீட்டைவிட்டுத் தள்ளி, முற்றத்துக்கு அப்பால் வையுங்கள்.

புதுக்குடியிருப்பு: எத்தனை நாள் தாங்கும்? வெயிலில் காயவைத்தால் புதிதாகுமா?

எனக்கு இரண்டு மாதம். மாரியில் அதற்கும் குறைவு, ஈரம் துளைகளில் ஏறிவிடுகிறது. வெயிலில் காயவைத்தால் ஈரமும் கொஞ்ச மணமும் போகும், முழுதாகத் திரும்பாது. எனக்குச் சிரட்டைக்குப் பஞ்சமில்லை, மாற்றிவிடுகிறேன்.

மல்லாவி: இவ்வளவு பாடுபட்டு ஆட்டுமணம் போனதா?

கடாவின் மணம் நன்றாகக் குறைந்தது. மூத்திரத்தின் அமோனியா நெடி அப்படியே இருக்கிறது, சாதாரணக் கரிக்கு அது பெரிதாக அகப்படாது. கொட்டிலைத் தள்ளிக் கட்டலாமே என்று கேட்கப்போகிறீர்கள். காணியும் மனைவியுடையது, ஆடும் மனைவியுடையது.