82,000 ரூபாய் லேப்டாப்பா, 2,35,000 ரூபாய் வொர்க்ஸ்டேஷனா?

கேள்வி: எனக்கு வயது 34. சேலம் அழகாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே கட்டமைப்புப் பொறியாளராகத் தொழில் செய்கிறேன். ஆண்டு வரவு சுமார் 11 லட்சம். ஜிஎஸ்டி பதிவு இல்லை. 44ஏடிஏ முறையில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறேன். வரைபடம் வரையும் ஆட்டோகேடும், கட்டடத்தின் தாங்குதிறனைக் கணக்கிடும் ஸ்டாட் ப்ரோவும்தான் அன்றாட வேலை. ஏற்காட்டில் ஹோம்ஸ்டே கட்டுபவர்கள் சிலர் 3டி எலிவேஷன் படமும் (கட்டடத்தின் வெளித்தோற்றம்) கேட்கிறார்கள். அதை ஒரு படத்துக்கு 2,000 ரூபாய் கொடுத்து வெளியே செய்து வாங்குகிறேன். போன வருடம் ஒன்பது படங்கள். 2017-ல் வாங்கிய 8 ஜிபி ராம் லேப்டாப் திணறுகிறது, விண்டோஸ் 11-க்கும் மாறாது. ஐந்து ரோட்டில் ஒரு கடையில் இரண்டு கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன்: அலுவலக வகை லேப்டாப் 82,000 ரூபாய், கனமான 3டி வேலைக்கான மொபைல் வொர்க்ஸ்டேஷன் 2,35,000 ரூபாய், 18 மாத 'வட்டியில்லாத் தவணை'யில் மாதம் 13,056. 'வரியில் கழித்துக்கொள்ளலாம், பெரியதையே வாங்கு' என்கிறார் நண்பர். கையில் சேமிப்பு 1,80,000. வீட்டுச் செலவும் வீட்டுக்கடன் தவணையும் மாதம் 46,000. எதை வாங்குவது?

பதில்: 82,000 ரூபாய் லேப்டாப்பை வாங்குங்கள், முழுப் பணமும் கட்டி. புதியது வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. வாடிக்கையாளரின் வரைபடமும் உங்கள் வங்கிக் கணக்கும் ஒரே கணினியில் இருக்கும்போது அதை நீட்டிக்க வேண்டாம்.

நண்பர் சொன்ன வரி விஷயத்தை முதலில் தீர்த்துவிடலாம், ஏனென்றால் பலர் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கடனில் இறங்குகிறார்கள். 44ஏடிஏ முறையில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டுகிறீர்கள். மீதிப் பாதிக்குள் எல்லாச் செலவும் தேய்மானமும் அடங்கிவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. லேப்டாப்புக்கென்று தனியாக ஒரு ரூபாயும் கழிக்க முடியாது. அதோடு, 11 லட்சத்தில் பாதி ஐந்தரை லட்சம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான இத்தகைய வருமானத்துக்கு வரி இல்லை. கட்டாத வரியில் எதை மிச்சப்படுத்துவது? கணினிக்கு 40 சதவீதத் தேய்மானம் கழிப்பதெல்லாம் முறையாகக் கணக்குப் புத்தகம் எழுதி வரி கட்டுபவருக்குப் பொருந்தும். ஜிஎஸ்டியும் அப்படித்தான். 2,35,000-க்குள் ஏறத்தாழ 35,850 ரூபாய் வரி இருக்கிறது. பதிவு இல்லாத உங்களுக்கு அது திரும்பி வராது.

இனி இயந்திரம். வொர்க்ஸ்டேஷனில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு தொழில்முறை கிராபிக்ஸ் கார்டுக்கும், அதன் சூட்டைத் தணிக்கும் பெரிய விசிறிகளுக்கும், குறிப்பிட்ட மென்பொருள்களில் சோதித்து வழங்கப்படும் சான்றுக்கும் போகிறது. 3டி மாடலை நிஜப் படம்போல மாற்றும் ரெண்டர் வேலை செய்பவர், பெரிய இயந்திர வடிவமைப்பு செய்பவர், லேசர் ஸ்கேன் தரவைக் கையாள்பவர் ஆகியோருக்கு அந்தப் பணம் வேலை செய்யும். ஸ்டாட் ப்ரோ கணக்குப் போடும்போது உழைப்பவை பிராசசரும் ராமும்தான். கிராபிக்ஸ் கார்டு ஏறக்குறைய சும்மா இருக்கும். ஆட்டோகேடில் இருபரிமாண வரைபடத்துக்கும் அது பெரிதாகத் தேவையில்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய மாடலைத் திறந்து, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் லேப்டாப்பைத் திணறவைப்பது அந்த 8 ஜிபி ராம். அதற்கான மருந்து 82,000-த்திலேயே கிடைக்கிறது.

மிஞ்சுவது எலிவேஷன் படம். இரண்டு விலைக்கும் வித்தியாசம் 1,53,000. நான்கு ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 38,250 ரூபாய். வெளியே கொடுக்கும் விலைப்படி அது பத்தொன்பது படங்களுக்குச் சமம். நீங்கள் செய்தது ஒன்பது, செலவு 18,000. ரெண்டர் மென்பொருளின் ஆண்டுச் சந்தாவையும், அதைக் கற்றுக்கொண்டு நீங்கள் உட்காரும் இரவுகளையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. வரப்போகும் வேலையை நம்பி இயந்திரம் வாங்காதீர்கள்; பில் போட்ட வேலைக்கு வாங்குங்கள்.

மலையையும் யோசியுங்கள். ஏற்காட்டுச் சரிவில் தாங்குசுவரும் படிப்படியான அஸ்திவாரமும் பார்க்கப் போகிறவர் நீங்கள். பாதி கட்டிய ஹோம்ஸ்டேயில் பிளக் பாயின்ட் இருக்காது. ஒன்றரைக் கிலோ லேப்டாப்பை அதன் 65 வாட் சார்ஜரோடு பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். வொர்க்ஸ்டேஷன் இரண்டரைக் கிலோவுக்கு மேல் போகும். 170, 230 வாட் அடாப்டர் செங்கல் கனத்தில் தனியாக வரும். பேட்டரியில் வைத்து முழு வேகத்தில் ஓட்டினால் சீக்கிரமே இறங்கிவிடும்.

'வட்டியில்லாத் தவணை'யில் வட்டி உண்டு. கடைக்காரர் அதைத் தள்ளுபடியாகக் காட்ட, வங்கி தன் வட்டியை எடுத்துக்கொள்கிறது. கிரெடிட் கார்டுத் தவணையென்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்கள் கட்டுவீர்கள். 16 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் இந்த ஜிஎஸ்டி மட்டும் 18 மாதத்தில் சுமார் 4,900 ரூபாய், செயலாக்கக் கட்டணம் தனி. அதைவிட எனக்குக் கவலை தருவது ஆடியும் மார்கழியும். பூமி பூஜை போடாத மாதங்களில் உங்கள் வரவு இறங்கும். 46,000-த்தோடு இந்த 13,056-ம் அப்போதும் தேதி தவறாமல் போகும்.

வாங்கும்போது ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்படாமல், ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். 16 ஜிபியில் தொடங்கி பிறகு 32 ஆக்கிக்கொள்ளலாம். மூன்று ஆண்டு வாரண்டி, அதுவும் பழுதுபார்ப்பவர் அழகாபுரத்துக்கே வந்து சரிசெய்யும் வகை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வேலை பாதியில் நிற்கும்போது சர்வீஸ் சென்டருக்கு வேறு ஊருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க உங்களால் முடியாது.

வாங்கிய பின் 98,000 ரூபாய் மிஞ்சும், இரண்டு மாதச் செலவுக்குத்தான் வரும். தவணையாகக் கட்டத் துணிந்த அதே 13,000-த்தை ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள். ஆடி, மார்கழியில் முடியாவிட்டால் விட்டுப்பிடிக்கலாம். வங்கியில் கடன் தவணை தவறுவதைப் போன்ற தொல்லை இதில் இல்லை. பதினான்கு மாதத்தில் இருப்பு 2,80,000 ஆகும், ஆறு மாதச் செலவுக்குப் போதும். அதற்குள் எலிவேஷன் வேலை ஆண்டுக்கு இருபது படத்தைத் தாண்டிவிட்டால் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் ஒன்றை வீட்டில் வையுங்கள். அதே வேகம் டெஸ்க்டாப்பில் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், கார்டை மட்டும் பின்னால் மாற்றிக்கொள்ளவும் முடியும். அதற்கான பணத்தை ஆறு மாத இருப்பில் கைவைக்காமல் அதற்கு மேல் சேர்வதிலிருந்து எடுங்கள்.