கார் முன் கிரில்லை வீட்டுலயே மாத்தறது: கேட்ட கேள்வியும் என் பதிலும்

கிரில் மாத்தறதப் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொன்னதும் கேள்வி வந்து குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி இருந்தத எல்லாம் சேத்துட்டேன். படிக்கறதுக்கு முன்னாடி ஒன்னு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பல கார்ல கிரில்ல மாத்தறது சின்ன வேலை, அதுக்காக பம்பர கழட்டி மறுபடி பழையபடி உக்கார வைக்கறதுலதான் முக்கால்வாசி நேரம் போகும்.

கேள்வி: அண்ணா, பம்பர தொடாம கிரில்ல மட்டும் உருவ முடியாதா?

சில கார்ல முடியும் தம்பி. பானட்ட திறந்து கிரில்லோட மேல் விளிம்ப பாருங்க, அங்க ஸ்க்ரூவோ கிளிப்போ இருந்து, கீழ்ப்பக்கம் வெறும் லாக் மட்டும் பம்பர்ல மாட்டியிருந்தா மேல இருக்கறத கழட்டிட்டு லாக்க ஒன்னொன்னா நெம்பி வெளிய எடுத்துடலாம். ஆனா இப்ப வர்ற பல கார்ல கிரில்ல பம்பரோட பின்பக்கத்துல இருந்து ஸ்க்ரூ போட்டு புடிச்சிருப்பாங்க, அத முன்னாடி இருந்து எட்டவே முடியாது. எதுன்னு தெரியலன்னா போன் கேமராவ டார்ச்சோட இடுக்குல விட்டு ஒரு வீடியோ எடுத்து பாருங்க. வரலன்னா இழுக்காதீங்க. வராததுக்கு ஒரு ஸ்க்ரூ காரணமா இருக்கும், நீங்க இன்னும் பாக்காத ஸ்க்ரூ.

கேள்வி: சரி, பம்பரையே கழட்டறேன். எதுல ஆரம்பிச்சு எதுல முடிக்கணும்?

காருக்கு கார் எண்ணிக்கைதான் மாறும், வரிசை பெரும்பாலும் இதுதான். இக்னிஷன ஆஃப் பண்ணுங்க, பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க. ஃபெண்டரும் (முன் சக்கரத்துக்கு மேல இருக்கற பாடி தகடு) பம்பரும் சேர்ற விளிம்புல மாஸ்கிங் டேப் ரெண்டு மூனு அடுக்கு ஒட்டுங்க, இத விட்டவங்க கார்லதான் அந்த மூலையில பெயின்ட் கீறி இருக்கும். அப்புறம் மேல ரேடியேட்டர் கவர் கிளிப், கீழ எஞ்சின் கவர் ஸ்க்ரூ, ரெண்டு பக்கமும் வீல் ஆர்ச் லைனர் (சக்கரத்துக்கு மேல உள்பக்கமா இருக்கற ப்ளாஸ்டிக் மறைப்பு) ஸ்க்ரூ. ஸ்டியரிங்க முழுசா ஒரு பக்கம் திருப்பிட்டா லைனருக்குள்ள கை போக இடம் கெடைக்கும், ஜாக்கி தேவையில்ல. லைனர கொஞ்சம் மடக்கி உள்ள பாத்தா பம்பர் மூலைய ஃபெண்டரோட புடிச்சிருக்கற ஒரு ஸ்க்ரூவோ 10 எம்எம் போல்டோ மேல்பாத்து ஒளிஞ்சிருக்கும், பம்பர் ஏன் வரலன்னு நெறைய பேர் முழிக்கறது இங்கதான்.

எல்லாம் கழண்டப்புறம் சக்கரத்துப் பக்கமா நின்னு பம்பரோட மூலைய புடிச்சு உங்க பக்கமா வெளிய இழுங்க, முன்னாடி பக்கமா இல்ல. பட் பட்னு சத்தம் வரும், லாக் விடற சத்தம்தான், பயப்படாதீங்க. ரெண்டு பக்கமும் விட்டதும் மெதுவா முன்னாடி நகத்தி ஒரு சாண் தூரத்துல நிறுத்துங்க, ஏன்னா ஃபாக் லேம்ப், பார்க்கிங் சென்சார் ஒயர் எல்லாம் இன்னும் மாட்டியிருக்கும், ஹெட்லைட் வாஷர் இருக்கற கார்னா ஒரு ட்யூபும் சேத்து. கப்ளர (ஒயர் சேர்ற ப்ளாஸ்டிக் இணைப்பு) கழட்டிட்டு பம்பர பழைய போர்வை மேல முகம் மேல பாக்கற மாதிரி வைங்க.

கேள்வி: நடுவுல பொட்டு மாதிரி இருக்கற ப்ளாஸ்டிக் கிளிப், நெம்பி நெம்பி எல்லாம் ஒடஞ்சு போச்சு ப்ரோ. என்ன தப்பு?

அதுல ரெண்டு ஜாதி இருக்கு ப்ரோ. ஒன்னுல நடு ஊசிய மேல நெம்பி தூக்கணும். இன்னொன்னுல நடு ஊசிய உள்ள அமுக்கணும், டிக்குனு ரெண்டு மூனு மில்லிமீட்டர் எறங்கும், அதோட புடி விட்டுடும், மொத்த கிளிப்பும் கையோட வரும். நீங்க ரெண்டாவது ஜாதிய முதல் ஜாதின்னு நெனச்சு நெம்பியிருப்பீங்க. திரும்ப போடும்போது ஊசிய பின்னாடி இருந்து தள்ளி வெளிய நீட்டிட்டு, ஓட்டைல சொருகி, மேல்மட்டத்துக்கு சமமா அமுக்கணும். குளிர் நேரத்துல ப்ளாஸ்டிக் சட்னு ஒடையும், ஹேர் டிரையர கொஞ்சம் காட்டிட்டு எடுங்க. எப்படியும் ஒன்னு ரெண்டு போகும், அதே சைஸ் கிளிப் எக்ஸ்ட்ரா வாங்கி வச்சுட்டு வேலைய தொடங்குங்க.

கேள்வி: என் கார்ல அடாப்டிவ் க்ரூஸ் இருக்கு. லோகோ இல்லாத கருப்பு கிரில் ஒன்னு பாத்து வச்சிருக்கேன் சார், போடலாமா?

அடாப்டிவ் க்ரூஸ்னா முன்னாடி போற வண்டிய பாத்து உங்க கார் வேகத்த தானா மாத்தற வசதி, பல கார்ல அது பாக்கறது ரேடார் வச்சு. அதனால மொதல்ல ரேடார் எங்க இருக்குன்னு பாருங்க சார். சில கார்ல பம்பரோட கீழ்ப்பகுதில இருக்கும், அப்படின்னா கிரில்லால பிரச்சனை வர வாய்ப்பு கம்மி. சில கார்ல லோகோவுக்கு நேர் பின்னாடி இருக்கும், உங்களுது அதுன்னா யோசிங்க. லோகோ தொட்டா வழவழன்னு கண்ணாடித் தட்டு மாதிரி தட்டையா இருந்தா சந்தேகப்படலாம்.

இந்த ரேடார் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ்ல வேலை செய்யுது, அலையோட நீளமே 4 மில்லிமீட்டர்கிட்டதான். அதனால முன்னாடி இருக்கற ப்ளாஸ்டிக் எவ்ளோ தடிமன், அதுல என்ன பூச்சு, எல்லாமே கணக்குல வரும். கம்பெனி லோகோ பளபளன்னு குரோம் மாதிரி தெரிஞ்சாலும் ரேடார் ஊடுருவற மாதிரி தனியா செஞ்சது. அதுக்கு பதிலா சாதா குரோம் லோகோவோ, மெட்டாலிக் பெயின்ட்டோ, உலோக வலையோ வந்தா ரேடார் சரியா பாக்காது. டேஷ்போர்டுல எச்சரிக்கை வந்தா கூட பரவால்ல, வராம தூரத்த தப்பா கணக்கு போட்டா ஆட்டோமேட்டிக் பிரேக்கும் தப்பாத்தான் நடந்துக்கும். உங்க மாடல், உங்க வேரியன்ட், ரேடார் வச்சதுன்னு தெளிவா போட்டிருக்கற கிரில்லா இருந்தா மட்டும் வாங்குங்க, இல்லன்னா விட்டுடுங்க. ரேடார் பிராக்கெட்ட லூஸ் பண்ணியிருந்தா கேலிப்ரேஷன் (ரேடாரோட பார்வைய மறுபடி சரியா அமைக்கறது) பண்ணாம அந்த வசதிய நம்பி ஓட்டாதீங்க, அது வீட்டுல முடியற வேலை இல்ல. கிரில்ல கேமரா இருக்கறவங்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: பழைய கிரில் மேலயே ஒட்டற ஓவர்லே போதுமா? பாதி வழில பறந்துடும்னு பயமா இருக்கு.

ஒட்டற விதத்துலதான் இருக்கு. டேப் நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப்பா இருக்கணும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் பாதிக்கு பாதி கலந்து துடைச்சு, நல்லா காஞ்சப்புறம் கை படாம ஒட்டி, முழு நீளத்துக்கும் அழுத்துங்க, சும்மா வச்சு தட்டறது பத்தாது. வாக்ஸ் போட்ட கார்னா ஒரு தடவைக்கு ரெண்டு தடவ துடைங்க. 10 டிகிரிக்கு கீழ குளிர்ல ஒட்டாதீங்க. இந்த டேப் முழு பலத்துக்கு வர 72 மணி நேரம் ஆகும், ஒட்டின அன்னைக்கே பிரஷர் வாஷ் அடிக்கறவங்க ஓவர்லேதான் பறக்கும். கூட ஸ்க்ரூவோ கேபிள் டையோ போட வழி இருந்தா அதையும் போட்டுடுங்க, டேப்ப மட்டும் நம்பி பெரிய ஓவர்லே போடறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

கேள்வி: பொடி வலை போட்ட கிரில் அழகா இருக்கு, ஆனா எஞ்சின் சூடாகுமா?

ஆகலாம். பின்னாடி மொதல்ல ஏசி கண்டன்சர், அதுக்கு பின்னாடி ரேடியேட்டர், ரெண்டுமே கிரில் வழியா வர்ற காத்த நம்பித்தான் இருக்கு. அதனால எஞ்சின் டெம்பரேச்சர் முள்ளு ஏறறதுக்கு முன்னாடி ஏசி கூலிங் கொறையறதுதான் பல நேரம் மொதல்ல தெரியும். பழைய கிரில்லையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வெளிச்சத்துல தூக்கி பாருங்க, திறந்திருக்கற பரப்பு கண்ணுக்கே கம்மியா தெரிஞ்சா வேணாம். சில புது கிரில்ல வலை மாதிரி டிசைன் இருக்கும், பின்னாடி அடைச்சிருக்கும், வெறும் வேஷம், அத கட்டாயம் தவிருங்க. கிரில்லுக்கு பின்னாடி தானா திறந்து மூடற ஷட்டர் இருக்கற கார்னா புது கிரில்லோட எந்த கால் (கிரில்ல மாட்டறதுக்கு பின்னாடி நீட்டியிருக்கறது), எந்த ஸ்க்ரூ முனையும் அந்த பிளேடு மேல உரசக்கூடாது.

கேள்வி: எல்லாம் மாட்டி முடிச்சேன், இப்ப ஏர்பேக் லைட் எரியுது. பயமா இருக்கு.

முன்பக்கம் மோதல கண்டுபிடிக்கற சென்சார் பல கார்ல பம்பருக்கு பின்னாடி ரேடியேட்டர் தாங்கற சட்டத்துலதான் இருக்கும். அதோட கப்ளர் லூஸாயிருக்கும், இல்ல கழட்டியிருந்தப்போ கீய ஆன் பண்ணியிருப்பீங்க. பேட்டரிய கழட்டி மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருந்து, கப்ளர் லாக் விழுந்திருக்கான்னு பாருங்க. சரியா மாட்டினப்புறமும் பல கார்ல ஃபால்ட் கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, மெமரில நிக்கும், அத ஸ்கேனர் வச்சுத்தான் அழிக்கணும். லைட் எரியற வரைக்கும் ஏர்பேக் விரியும்னு எதிர்பாக்க முடியாது, அதனால இத தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: வாங்கின கிரில் கலர் புடிக்கல, பெயின்ட் அடிச்சுட்டு மாட்டட்டுமா?

மொதல்ல மாட்டிப் பாருங்க, அப்புறம் அடிங்க! இத எத்தன தடவ சொன்னாலும் யாரும் கேக்கறதில்ல. ஃபிட் ஆகலன்னா திருப்பி அனுப்பணும், பெயின்ட் அடிச்சத எவன் வாங்குவான். ஃபேஸ்லிஃப்டுக்கு (அதே மாடலோட தோற்றத்த கம்பெனி கொஞ்சம் மாத்தி விடறது) முந்தின மாடல், பிந்தின மாடல்னு கால் ரெண்டு இடம் மாறியிருக்கும், படத்துல தெரியவே தெரியாது. சரியா உக்காந்ததும் கழட்டி 400 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டு பளபளப்பு போற வரைக்கும் தேச்சு, துடைச்சு, ப்ளாஸ்டிக் ப்ரைமர், கலர், கிளியர்னு மெல்லிசா பல கோட்டா அடிங்க. குரோம் மேல தேய்க்காம அடிச்சா பட்டை பட்டையா உரியும்.

கேள்வி: ஒரு பக்கம் இடுக்கு சின்னதா, ஒரு பக்கம் பெருசா இருக்கு.

ஒரு பக்கம் முழுசா டைட் பண்ணிட்டு அடுத்த பக்கம் போயிருப்பீங்க. எல்லாத்தையும் லூஸ் பண்ணுங்க, நடுவுல இருந்து ரெண்டு பக்கமா மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, பானட்ட மூடி மூடி பாருங்க. ப்ளாஸ்டிக்ல ஸ்க்ரூவ கைல மட்டும் போடுங்க, மெஷின் வச்சா மரை போயிடும்.

கேள்வி: நெடுஞ்சாலைல போனா விசில் அடிக்குது!

மெல்லிசான பட்டைல காத்து உரசற சத்தம். கிரில்ல ஒரு பகுதிய மாஸ்கிங் டேப்பால மூடி கொஞ்ச தூரம் ஓட்டுங்க, சத்தம் நின்னா அந்த இடம்தான், நிக்கலன்னா அடுத்த பகுதி. கிரில்லுக்கும் பம்பருக்கும் நடுவுல இடுக்கு இருந்தா மெல்லிசான ஃபோம் ஸ்ட்ரிப் போட்டாலே முடிஞ்சிடும். கண்டுபிடிச்சதும் டேப்ப எடுத்துடுங்க, காத்துப் பாதைய மூடி வச்சுட்டு ஓட்டக்கூடாது.

கேள்வி: அண்ணா, நான் தனியாத்தான் செய்யணும், ஆள் கெடைக்காது. முடியுமாண்ணா?

கிரில் மட்டும் தனியா வர்ற கார்னா தாராளமா முடியும்மா. பம்பர கழட்டணும்னா கழட்டற நேரமும் மாட்டற நேரமும் மட்டும் யாரையாவது கூப்பிடு, அந்தப் பக்கம் புடிச்சா போதும், கார் வேலை தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. யாருமே இல்லன்னா பம்பர் உயரத்துக்கு ரெண்டு அட்டைப்பெட்டிய மேல மெத்து வச்சு முன்னாடி போட்டுக்கோ, பம்பர் அதுல எறங்கும். கப்ளர் கழட்டறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கோ. மாட்டி முடிச்சதும் பானட் லாக் ரெண்டு தடவ திறந்து மூடிப் பாரு, ஹாரன் அடி, ஃபாக் லேம்ப் போடு, அப்புறம் வண்டிய எடு. பழைய கிரில்ல தூக்கிப் போட்டுடாத, விக்கும்போது கேப்பாங்க.