அரபு எழுச்சிப் பாடல்கள்: கேள்வி பதில்

கேள்வி: துனிசியப் புரட்சியைத் தொடங்கிவைத்ததே ஒரு ராப் பாடல்தானா?

பதில்: இல்லை. எல் ஜெனரால் என்ற பெயரில் பாடும் ஹமாதா பென் அமோர், அதிபர் பென் அலியை நேராக விளித்துப் பாடிய பாடல் 2010 நவம்பரில் வெளிவந்தது. மக்களைத் தெருவுக்கு இழுத்தவையோ வேலையின்மையும், அதிகாரிகளின் அடாவடியும், டிசம்பர் 17 அன்று சீதி பூசீத் நகரில் தெருவோர வியாபாரி முகமது பூஅஜீஜி தீக்குளித்த துயரமும் ஆகும்.

கேள்வி: எகிப்தின் கெய்ரோ நகரிலுள்ள தஹ்ரீர் சதுக்கத்தில் பாடல்கள் எப்படிப் பிறந்தன?

பதில்: இதை விரிவாகவே சொல்ல வேண்டும். 2011இல் கிதாருடன் சதுக்கத்துக்கு வந்த பாடகர் ராமி இஸ்ஸாம், அதிபர் முபாரக்கை 'வெளியேறு' என்று விரட்டும் தம் பாடலுக்குப் புதிதாகச் சொற்களைத் தேடவில்லை. கூட்டம் ஏற்கெனவே முழங்கிக்கொண்டிருந்த கோஷங்களை எடுத்து, வரிசைப்படுத்தி, மெட்டில் கோத்தார். வரிகள் எல்லோருக்கும் முன்பே மனப்பாடம் என்பதால், முதல்முறை கேட்டவர்களாலும் சேர்ந்து பாட முடிந்தது. பாடகரின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு கூட்டத்தை மறந்துவிடாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். முபாரக் பதவி விலகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், மார்ச் 9 அன்று இராணுவம் சதுக்கத்தைக் காலிசெய்தபோது, ராமி பிடிக்கப்பட்டு எகிப்திய அருங்காட்சியக வளாகத்தில் சித்திரவதை செய்யப்பட்டார்.

கேள்வி: பாடலால் புரட்சி வராது என்றால், எல் ஜெனராலை ஏன் கைதுசெய்தார்கள்? உங்கள் வாதம் இடிக்கிறதே.

பதில்: நியாயமான மறுப்பு. 2011 ஜனவரி 6 அன்று அவரைப் பிடித்தார்கள். 14ஆம் தேதி பென் அலியே நாட்டைவிட்டு ஓடினார். பாடலுக்கு வலிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. தனியே குமுறிக்கொண்டிருப்பவனுக்குத் தன்னைப் போல் இன்னும் பலர் உண்டு என்று அது காட்டிக்கொடுக்கிறது. ஆட்சியாளர்கள் அஞ்சியது அதற்குத்தான். ஆனால் அந்தப் பலர் முதலில் இருக்க வேண்டும். அவர்களைப் பாடல் உண்டாக்குவதில்லை.

கேள்வி: அப்படியானால் எகிப்திலும் ராப்தான் காரணமா?

பதில்: முதல் பதிலை மீண்டும் படியுங்கள்.

கேள்வி: சிரியாவில் அப்போதைய அதிபர் பஷார் அல் அசதை எதிர்த்துப் பாடியதற்காகத் தொண்டை அறுக்கப்பட்டவர் யார்?

பதில்: 2011 ஜூலையில் ஹமா நகரின் ஒரோண்டஸ் ஆற்றில் கிடைத்த உடல் இப்ராஹீம் கஷூஷ் என்பவருடையது என்றும், அந்தப் பாடலைப் பாடியவர் அவரே என்றும் உலகம் முழுவதும் செய்தி பரவியது. பாடியவர் அப்துல் ரஹ்மான் ஃபர்ஹூத் என்றும், அவர் உயிருடன் இருக்கிறார் என்றும் பின்னர் செய்தியாளர்கள் எழுதினார்கள். மறுபடியும் எச்சரிக்கிறேன்: பெயரை அவசரமாக ஒட்டாதீர்கள். பதிவைக் கேளுங்கள், ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, பெருங்கூட்டம் கைதட்டி மறுமொழி பாடுகிறது.

கேள்வி: ஊத் என்ற அரபு நரம்பிசைக் கருவி எங்கே வாங்கலாம்?

பதில்: அது என் துறை அன்று, இசைக்கருவி விற்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

பதில்: ஷேக் இமாமிடமிருந்து. பார்வையற்ற அந்த எகிப்திய ஊத் கலைஞரும் கவிஞர் அஹ்மது ஃபுவாத் நெக்மும் 1967இல் இஸ்ரேலுடனான போர்த் தோல்விக்குப் பின் ஆட்சியாளர்களைச் சாடிப் பாடிச் சிறை சென்றார்கள். அவர்களுடைய பாடல்கள் கைமாறிய கேசட்டுகளில் அரபுலகெங்கும் போய்ச் சேர்ந்தன. இமாம் 1995இல் மறைந்தார். தஹ்ரீரில் இளைஞர்கள் அவரைப் பாடினார்கள். வீட்டுக் கூடங்களில் பதிவான, கேட்பவர்களும் கூடவே பாடும் ஒலிநாடாக்களையே தேடிப் பிடியுங்கள்.