வேலூர் மாவட்டத்தின் எல்லையோர மலையடி ஊர்களில் விவசாயம் எப்படி நடக்கிறது?

வேலூர் என்றாலே வெயிலும் தண்ணீர் இல்லாத பாலாறும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் நீங்கள் கேட்பதைப் பார்க்க குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வரணும். மலையைத் தாண்டினால் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். சந்தையில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும்.

கௌண்டின்யா ஆறு அந்த மலைகளில் இருந்துதான் இறங்கி வந்து, மோர்தானா அணையில் தேங்கி, அப்புறம் பாலாற்றில் சேர்கிறது. அதனால் இங்கே அணை நிரம்ப ஆந்திராவில் மழை பெய்யணும்!

நெல், நிலக்கடலை, மா, தென்னை, வாழை எல்லாம் உண்டு. சரி, தண்ணீர் இருந்தால் போதுமா என்றால், யானை இருக்கிறதே. எல்லைக்கு அந்தப் பக்கம் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம். யானைக்கு மாநில எல்லை ஏது? இளந்தென்னையைச் சாய்த்து, குருத்தை மட்டும் பிடுங்கித் தின்றுவிட்டுப் போய்விடும். குருத்து போனால் மரம் அவ்வளவுதான், நாலைந்து வருஷ உழைப்பு ஒரே ராத்திரியில் காலி. மா பழுக்கும் காலத்தில் டார்ச்சும் பட்டாசுமாக விடிய விடியக் காவல் இருப்பார்கள்.

அணைக்கட்டு தாலுகாவில் ஜவ்வாது மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தை வேறு உலகம். அங்கே மலையாளி என்ற பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் இல்லை) மானாவாரியில் சாமை விதைக்கிறார்கள்.