ஊர்சுற்றி பதில்கள்: எட்டு மணிக்குப் போனால் பொங்கல், பத்தரைக்குப் போனால் பூட்டு

சென்னையில் எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம், சனி ஞாயிறில் எங்கே போகலாம் என்று வந்திருக்கும் கேள்விகளில் சில.

அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69, ரெண்டு பேருக்கும் முழங்கால் வலி. கபாலீசுவரரைப் பார்த்துவிட்டு மயிலாப்பூர் டிபன் சாப்பிட வேண்டுமாம். ஞாயிறு அதிகாலை எழும்பூரில் இறங்குகிறோம். எப்படித் திட்டம் போடுவது?
– வாசகி, திண்டுக்கல்

அறைக்குப் போய்க் குளித்ததும் "கொஞ்சம் படுத்து எழுந்திரிக்கிறேனே" என்று யாராவது ஆரம்பித்தால் அன்றைய மயிலாப்பூர் போச்சு, அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஏழு மணிக்குள் கோயில். வெயில் ஏறிவிட்டால் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடப்பது வயதானவர்களுக்குப் பெரிய தண்டனை. மதியம் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறப்பது நாலு மணிக்கு.

தரிசனம் முடிந்ததும் டிபன். அருண்டேல் தெருச் சந்துக்குள் இருக்கும் ராயர் மெஸ்ஸைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் உங்கள் அப்பா அம்மாவுக்கு இல்லை. சின்ன இடம், கொஞ்சம் பேர்தான் உட்கார முடியும், மற்றவர்கள் வெளியே நின்று உள்ளே இருப்பவர்களின் இலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இட்லி, பொங்கல், வடை, கூடவே கெட்டிச் சட்னி. காலையில் சில மணி நேரம் நடக்கும், அப்புறம் மூடிவிட்டுப் பிற்பகலில் திறப்பார்கள், நடுவே மதியச் சாப்பாடு என்ற பேச்சே கிடையாது. பத்தரை மணிக்கு வியர்த்து விறுவிறுத்து வந்து பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்களை அந்தச் சந்தில் அடிக்கடி பார்க்கலாம். பெரியவர்களோடு போவதால் நீங்கள் கிழக்கு மாடவீதி கற்பகாம்பாள் மெஸ்ஸுக்குப் போய்விடுங்கள். கோயிலுக்குப் பக்கம், நாற்காலியில் சாய்ந்து உட்காரலாம், கீரை வடை கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கால் வலி இல்லாதவர் யாராவது கூட வந்தால் பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடைக்கு அனுப்பிவிடலாம். பழைய வீட்டு ஜன்னல்தான் கடை, உள்ளே இருந்து தட்டு நீளும், தெருவில் நின்றபடி சாப்பிட வேண்டும். சாயந்திரமானால் பஜ்ஜி. வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு வாயில் போட்டுக்கொண்டு ஊ ஊ என்று ஊதுகிறவர்கள்தான் அங்கே பாதிப் பேர்.

ரத்னா கபேயில் ஜக்கோடு வந்து இட்லி மேலேயே சாம்பாரை ஊற்றிவிடுகிறார்களே, சட்னி கேட்கலாமா?
– திருவான்மியூர் வாசகர்

கேட்கலாம். ஆனால் 1948-லிருந்து அந்தக் கடைக்கு ஆள் வருவதே அந்தச் சாம்பாருக்குத்தான். இட்லியை முழுக விட்டு, ரெண்டு நிமிடம் பொறுத்து, ஸ்பூனால் சாப்பிடுங்கள். தீர்ந்தால் ஜக்கு மறுபடி வரும்.

பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா சாப்பாடு நன்றாக இருக்கும் என்கிறார்கள். அத்தோ, மொய்ங்கா, பேஜோ என்று என்னென்னவோ பெயர் சொல்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. நான் சைவம், என் நண்பன் அசைவம். முதலில் எதை வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், எல்லாம் நம்மவர்கள் கொண்டுவந்ததுதான். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது, அடுத்து கடைகளை அரசே எடுத்துக்கொண்டது, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் இருந்ததோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்களில் பலர் வியாசர்பாடிப் பக்கம் குடியேறினார்கள். துறைமுகத்துக்கு எதிரே அவர்கள் பிழைப்புக்குப் போட்ட கடைகள்தான் பர்மா பஜார் ஆனது. அங்கே விற்கிற வெளிநாட்டுச் சாமானில் எது அசல் எது போலி என்ற கேள்வி எப்போதும் உண்டு, அதன் பின்னாலுள்ள செகண்ட் லைன் பீச் தள்ளுவண்டிச் சாப்பாட்டில் அந்தக் கவலையே இல்லை.

முதல் தடவை அத்தோதான். மாஸ்டர் ஒரு பாத்திரத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸை அள்ளிப் போடுவார், மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸும் வெங்காயமும் விழும், மேலே பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, கடைசியில் தட்டை மாதிரி இருக்கும் பேஜோவை உள்ளங்கையில் நொறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்து கையாலேயே பிசைந்து கொடுப்பார். சூடாக இருக்காது, அது அப்படித்தான், "சூடு பண்ணிக் கொடுங்கண்ணே" என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். சூடு வேண்டுமென்றால் கூடவே வாழைத்தண்டு சூப் தருவார்கள், அதை நடுநடுவே குடியுங்கள். முட்டை சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் உங்களுக்கு அத்தோ தயார். மொய்ங்கா அசல் பர்மாவில் மீன் குழம்பு, இங்கே பல வண்டிகளில் வாழைத்தண்டு போட்ட சைவக் குழம்பாகவே கிடைக்கிறது, எதற்கும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

நண்பருக்கு முட்டை. அவித்த முட்டையை நடுவில் கீறி, அதற்குள் பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, கொஞ்சம் புளித்தண்ணீரும் காரமும் விட்டுத் தருவார்கள். கடித்துச் சாப்பிட்டால் சட்டையில் ஒழுகும், ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடைகள் சூடுபிடிப்பது மாலையில்தான். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கியும் நடந்து வரலாம்.

பிள்ளைகளுக்கு ஏழு வயது, பதினொரு வயது. சனிக்கிழமை வந்தால் மால், மால் என்று உயிரை எடுக்கிறார்கள். காசும் அதிகம் ஆகாமல் வேறு எங்கே கூட்டிப் போகலாம்?
– அம்பத்தூர் வாசகி

எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது, ஒரே வளாகத்தில் பல கட்டடங்கள். எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பினால் சின்னவன் அழுதுவிடுவான். முதலில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, அது அவர்களுக்கு. அப்புறம் வெண்கலச் சிலைகள், அது உங்களுக்கு. திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள், காலடியில் கிடக்கும் முயலகனின் முகத்தைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், மொபைல் இல்லாமல் பத்து நிமிடம் ஓடிவிடும்.

விடுமுறை நாளைப் பார்க்காமல் கிளம்பிவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் நிறைய, அதனால் இதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, முட்டுக்காடு தட்சிணசித்ரா மூன்றுக்கும் செவ்வாய். முதலைப் பண்ணைக்கும் மெரினா கலங்கரை விளக்கத்துக்கும் திங்கள். அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தைப் பார்க்க ஞாயிறு போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள்.

மெரினாவில் குளிக்கலாமா?
– சேலம் வாசகர்

கூடாது. கால் நனைக்கலாம், சுண்டல் சாப்பிடலாம், வீட்டுக்குப் போகலாம்.

சென்னைக்காரர்கள் பாஸ்மதியில் செய்வதையெல்லாம் பிரியாணி என்கிறீர்களே, மனசாட்சி இருக்கிறதா?
– ஆம்பூர் வாசகர்

இருக்கிறது, பசியும் இருக்கிறது. சீரகச் சம்பாவில் மசாலா ஏறுகிற அழகே தனி, அதில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் இங்கே பாய் வீட்டுக் கல்யாணத்தில் பாஸ்மதி பிரியாணியோடு தால்ச்சா, கத்திரிக்காய், கடைசியில் பிரெட் அல்வா என்று வருவதை ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். எந்த அரிசியானாலும் தம் உடைக்கிற நேரத்தில் கடையில் இருக்க வேண்டும், பதினொன்றரை, பன்னிரண்டு வாக்கில். ராத்திரி ஒன்பதரைக்குப் போய் அடிச்சட்டியில் கிடப்பதைச் சாப்பிட்டுவிட்டு ஊரைக் குறை சொல்வது நியாயமில்லை. போகிற வழியில் அண்ணா சாலை புகாரியையும் பார்த்துவிடுங்கள். 1951-ல் தொடங்கிய ஓட்டல், சிக்கன் 65 பிறந்தது எங்களிடம்தான், 1965-ல், என்று சொல்கிறார்கள்.

சைதாப்பேட்டை வடகறி என்பது மீந்துபோன வடையில் செய்வதுதானே?
– மதுரை வாசகி

ஆரம்பம் அப்படித்தான் என்பார்கள். இப்போது வடகறிக்கென்றே கடலைப்பருப்பை அரைத்துப் பொரிக்கிறார்கள். சைதை மாரி ஓட்டலில் காலையில் செட் தோசையோடு சாப்பிட்டுப் பாருங்கள், மீந்ததா புதுசா என்ற ஆராய்ச்சி தானாக நின்றுவிடும்.

ஞாயிறு ஒரே நாளில் மாமல்லபுரம், முதலைப் பண்ணை, தட்சிணசித்ரா மூன்றும் பார்க்க முடியுமா? எங்களிடம் கார் இருக்கிறது.
– பெரம்பூர் வாசகர்

பார்க்கலாம், பார்த்த மாதிரி இருக்காது. ரெண்டு போதும். எல்லோரும் செய்கிற தப்பு, வழியில் முதலில் வருவதில் இறங்கி மெதுவாக நகர்ந்து, உச்சி வெயிலில் மாமல்லபுரம் போய்ச் சேர்வது. தலைகீழாகச் செய்யுங்கள். விடியும் முன் கிளம்பினால் கடற்கரைக் கோயில் காலை ஆறு மணிக்கே திறந்திருக்கும், ஐந்து ரதத்துக்கும் அதே டிக்கெட்தான், அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே இருக்கிறது. ஊரிலேயே டிபனை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வடநெம்மேலி முதலைப் பண்ணை. பெரியவர்கள் மட்டும் என்றால் முட்டுக்காடு தட்சிணசித்ரா, அங்கே செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள், திண்ணையில் உட்கார்ந்தால் எழ மனம் வராது. வந்தாலும் வராவிட்டாலும் மூன்று மணிக்கு எழுந்துவிடுங்கள், ஞாயிறு சாயந்திரம் ஈசிஆரில் மாட்டினால் பெரம்பூருக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் போவீர்கள்.

பெயரும் ஊரும் போட வேண்டாம். சென்னையில் நிம்மதியாகக் குடிக்க நல்ல இடம் ஒன்று சொல்லுங்கள்.

மயிலாப்பூர் மாடவீதி காளத்தி. 1927-லிருந்து இருக்கும் பத்திரிகைக் கடை, ரோஸ் மில்க்குக்குத்தான் கூட்டம். நீங்கள் கேட்டது அது இல்லையா? டாஸ்மாக் கடை பகல் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடும், அதற்கெல்லாம் வழி சொல்ல நான் எதற்கு?