கான்தால் மலைகள்: கிராமங்கள், மாடுகள், எரிமலைகள் - கேள்வி பதில்

பிரான்சின் நடுப்பகுதியில், ஓவெர்ன் வட்டாரத்தின் தெற்கே இருக்கிறது கான்தால் மாவட்டம். வேலை நிமித்தம் இங்கே குடியேறியவன் நான். கோடை விடுமுறைக்கு இந்தப் பக்கம் வர நினைக்கும் நம்மவர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, நாங்கள் பாரிஸில் இருக்கிறோம். மலை என்றால் எல்லாரும் ஆல்ப்ஸ் போகச் சொல்கிறார்கள். கான்தாலில் அப்படி என்ன இருக்கிறது?

உயரத்தில் ஆல்ப்ஸோடு போட்டி போட முடியாது தம்பி. இங்கே உச்சமான ப்ளோம் துய் கான்தால் 1,855 மீட்டர்தான். ஆனால் இங்கே நீங்கள் பார்ப்பது ஒரே ஒரு எரிமலையின் மிச்சம். குறுக்களவு சுமார் 70 கிலோமீட்டர். ஐரோப்பாவிலேயே பரப்பில் மிகப் பெரிய எரிமலை என்று சொல்வார்கள். அதன்மேல் கண்ணுக்கெட்டிய தூரம் புல். அந்தப் புல்லை நம்பி மாடு, மாட்டை நம்பிக் கிராமம். சாலை, வீடு, சாப்பாடு எல்லாமே அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கின்றன. ஆகவே மாடுகள் மேலே இருக்கும் காலத்தில், அதாவது மே கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கத்துக்குள் வாருங்கள். பனிக்காலத்தில் வந்தால் வேறொரு ஊரைத்தான் பார்ப்பீர்கள்.

எரிமலை என்கிறீர்கள். வாய் எங்கே? பிள்ளைகள் பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். திரும்ப வெடிக்குமா?

கான்தால் எரிமலை சுமார் 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறக்குறைய 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அடங்கிப்போனது. பிறகு பனியாறுகள் வந்து மேல்பகுதியை அரித்துவிட்டன. அதனால் வாய் என்று காட்ட ஒன்றுமில்லை. நடுவிலிருந்து நாலா பக்கமும் பிரிந்து ஓடும் பள்ளத்தாக்குகள்தான் அதன் அடையாளம். புயி மரி உச்சியில் நின்றால் அவை ஒவ்வொன்றாகக் காலடியிலிருந்து கிளம்புவது தெரியும்.

பிள்ளைகளுக்குப் பள்ளம்தான் வேண்டும் என்றால் வடக்கே கிளெர்மோன் ஃபெரான் பக்கம் போங்கள். அங்கே சுமார் 80 சிறு எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த இடம். கிண்ணம் கவிழ்ந்ததும் நிமிர்ந்ததுமாக அவர்கள் படத்தில் பார்த்த வடிவம் அப்படியே இருக்கும். இந்த வட்டாரத்தின் கடைசி வெடிப்பு நடந்து சுமார் 7,000 ஆண்டுகள் ஆகின்றன. பயப்பட ஒன்றுமில்லை.

புயி மரி ஏறுவது கஷ்டமா? எனக்கு மலையேறிப் பழக்கம் இல்லை.

பா த பெரோல் என்ற கணவாய் வரை கார் போகும். அதுவே 1,589 மீட்டர். அங்கிருந்து உச்சி 1,783 மீட்டர். ஏற வேண்டியது 200 மீட்டருக்குள்தான். பாதையைக் கட்டியே வைத்திருக்கிறார்கள், ஆனால் செங்குத்து. நின்று நின்று ஏறினால் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயம். ஜூலை, ஆகஸ்டில் பத்து மணிக்கு மேல் போனால் கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு, காலையிலேயே போய்விடுங்கள். அடுத்தது, வெயில் காலத்தில் பிற்பகலில் இடிமழை திடீரென்று இறங்கும். முகடு மொட்டையாக இருப்பதால் ஒதுங்க இடமே இல்லை. மேற்கே மேகம் கறுத்தால் உச்சி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் இறங்கிவிடுங்கள். கீழே வெயில் அடித்தாலும் மேலே காற்று ஊசியாய்க் குத்தும், ஆகவே ஆளுக்கொரு ஜாக்கெட் கட்டாயம்.

கார் இல்லாமல் வர முடியுமா அண்ணா?

முடியும், ஆனால் எல்லா இடமும் முடியாது. பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து கிளெர்மோன் ஃபெரானுக்கு நேரடி ரயில், மூன்றரை மணி நேரம் பிடிக்கும். அங்கே மாறி ஓரியாக் போகும் வண்டியைப் பிடித்தால் கான்தால் மலைகளுக்குள் இருக்கும் முரா, லெ லியோரான் இரண்டும் வழியிலேயே வரும். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான் ஓடுகின்றன. திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். லெ லியோரானில் இறங்கினால் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே நடைபாதைகள் தொடங்கிவிடும். ரயிலில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது அந்த இடத்தைத்தான். சாலேர், தூர்னமிர் போன்ற கிராமங்களுக்குக் கார் இல்லாமல் சிரமம்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அப்பா வந்து நிற்கிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. நடக்க ஏலாது. அவர்களுக்கு என்ன காட்டலாம்?

தாராளமாகக் கூட்டிவாருங்கள் தங்கச்சி. லெ லியோரானிலிருந்து ப்ளோம் துய் கான்தாலுக்குக் கேபிள் கார் உண்டு. மேலே இறங்கியதும் சுற்றிலும் மலைதான்; உச்சி வரை போகாமல் அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். ஓடும் நாட்களை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வடக்கே புயி த தோம் மலைக்கு 2012 முதல் பற்சக்கர ரயில் ஓடுகிறது, கால் மணி நேரத்தில் 1,465 மீட்டர் உச்சி. மேலே மெர்குரி என்ற ரோமானியத் தெய்வத்துக்குக் கட்டிய பழங்காலக் கோயிலின் இடிபாடு இருக்கிறது. அப்பா படித்த மனிதர் என்றால் இதையும் சொல்லுங்கள்: அறிவியலாளர் பாஸ்கல் கேட்டுக்கொண்டதன்பேரில் அவருடைய அக்காவின் கணவர் 1648-இல் பாதரசக் குழாயோடு ஏறி, மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது என்று காட்டியது இந்த மலையில்தான்.

தெற்கே ஷோத்ஸெக் என்ற ஊரில் பூமிக்குள்ளிருந்து 82 டிகிரிச் சூட்டில் வெந்நீர் பொங்கி வருகிறது. தெருவோரத்திலேயே ஆவி பறக்கும். கையை வைத்துப் பார்க்க விடாதீர்கள், வெந்துவிடும். போகும் வழியில் ஈஃபல் கட்டிய கராபி ரயில் பாலம். ஈஃபல் கோபுரத்துக்கு முன்பே, 1884-இல் கட்டி முடித்தது. காரை விட்டு அதிகம் நடக்காமலே பார்த்துவிடலாம்.

கிராமங்களில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எது?

சாலேர். சுமார் 950 மீட்டர் உயரத்தில், கறுத்த எரிமலைக் கல்லால் கட்டிய ஊர். கூரையைக் கவனியுங்கள். ஓடு கிடையாது, தட்டையான கற்பலகைகளை மீன் செதில்போல் அடுக்கியிருப்பார்கள். அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் சுவர்கள் அவ்வளவு தடிமன். சதுக்கத்தின் நடுவே நிற்கும் நினைவுச் சின்னம் திஸாந்தியே தெஸ்கூ என்பவருக்கு. 19-ஆம் நூற்றாண்டில் சாலேர் மாட்டினத்தைத் தேர்ந்து வளர்த்துப் பெருக்கியவர். மாட்டுக்காக உழைத்த மனிதருக்கு ஊர் நடுவில் சின்னம் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான்.

பகலில் கூட்டம் நெரியும். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள், ஊர் ஊராக இருக்கும். கூட்டம் வேண்டாம் என்றால் தூர்னமிர் போங்கள், அங்கே 15-ஆம் நூற்றாண்டு அன்ஜோனி கோட்டை நிற்கிறது.

சாலேர் மாடு, சாலேர் பாலாடைக்கட்டி என்று பேச்சாக இருக்கிறதே, என்ன விசேஷம்?

செந்தவிட்டு நிறம், சுருள் மயிர், யாழ்போல் வளைந்து மேலெழும் கொம்பு. தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இந்த மாடு கன்றைப் பார்க்காமல் பாலை இறக்காது. நம்மூரில் கன்றை ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் இழுத்துக் கட்டிக் கறப்போமே, அதே முறைதான். கன்றைத் தாயின் முன்னங்காலோரம் கட்டி, அதன் முதுகில் கொஞ்சம் உப்பைத் தூவுவார்கள். தாய் அதை நக்கிக்கொண்டே நிற்கும், கறவை நடக்கும். மொத்த மந்தைக்கும் இப்படி ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும் என்பதால் இந்த இனத்தை இன்றும் கறக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கறந்த பாலைக் 'கெர்ல்' என்ற மரத்தொட்டியில் ஊற்றுகிறார்கள். பாலைப் புளிக்கவைக்கத் தனியாக எதுவும் சேர்ப்பதில்லை. மரத்தில் படிந்திருக்கும் நுண்ணுயிர்களே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். சாலேர் என்ற பெயரில் பாலாடைக்கட்டி செய்ய ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரைதான் அனுமதி, மாடுகள் புல் மேயும் காலம் அது. 40 கிலோ உருளை ஒன்றுக்குச் சுமார் 400 லிட்டர் பால் போகும். கடையில் வாங்கும்போது 'ட்ரதிஸியோன்' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாலேர் மாட்டின் பாலில் மட்டும் செய்தது என்று பொருள். விலை கூடத்தான். கொடுக்கலாம்.

மேய்ச்சல் நிலத்தில் அங்கங்கே தனியாக நிற்கும் கல்வீடுகளை 'புரோன்' என்பார்கள். மேய்ப்பர்கள் கோடை முழுதும் அங்கேயே தங்கிப் பாலை உறையவைத்துக் கட்டியாக்கிய இடம். பல இடிந்து கிடக்கின்றன, சில இன்று உணவகம்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி?

த்ருஃபாத் கேளுங்கள். உருளைக்கிழங்கை வதக்கி, பதப்படாத இளம் பாலாடைக்கட்டியை அதில் இழைய இழையக் கலந்தது. ஆனால் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், பன்றி இறைச்சித் துண்டும் போடுவார்கள். ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். அலிகோ அதைவிடப் பாதுகாப்பு: மசித்த கிழங்கும் பாலாடைக்கட்டியும் நூல்போல் இழுபடும். கண்டிப்பான சைவர்களுக்கு ஒன்று: இந்த ஊர் மரபுக் கட்டிகளில் பாலை உறையவைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்கிறது. தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

மதியம் ஒன்றரைக்கு மேல் போனால் சமையலறை மூடியிருக்கும். கையில் ரொட்டியும் பழமும் வைத்திருங்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் கேள்வி கேட்டால் இங்கே மரியாதைக் குறைவு.

மஞ்சள் பூவோடு ஆளுயரச் செடி ஒன்று மலை முழுக்க நிற்கிறது. அதன் கிழங்கு மருந்து என்கிறார்கள். ஒன்று பிடுங்கி வரலாமா?

வேண்டாம் அக்கா. அது மஞ்சள் ஜென்ஷியன். முதல் பூ பூக்கவே ஏறக்குறைய பத்து வருடம் ஆகும். கசப்பான அந்த வேரில் மதுவகை செய்கிறார்கள். பூ வராத காலத்தில் அதே மாதிரி இலையோடு பக்கத்திலேயே வெராட்ர் என்ற செடி நிற்கும், அது கடும் விஷம். ஜென்ஷியனுக்கு இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும்; விஷச்செடிக்கு மாறி மாறி ஒவ்வொன்றாக இருக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

மேய்ச்சல் நிலத்துக்குள் புகுந்து நடக்கலாமா? நாய் கூட வருகிறது.

குறியிட்ட பாதையில் நடக்கலாம். வெள்ளை-சிவப்புக் கோடு நெடும்பாதை, மஞ்சள் கோடு உள்ளூர்ப் பாதை, பெருக்கல் குறி இருந்தால் தவறான வழி. நீங்கள் திறந்த வேலிப் படலை அப்படியே உங்கள் கையால் மூடுங்கள். ஒரு படல் திறந்து கிடந்தால் யாரோ ஒரு குடியானவர் நாள் முழுக்க மாடு தேடி அலைய வேண்டும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகவே கூடாது. நாய் இருந்தால் மந்தையைச் சுற்றிக்கொண்டு போங்கள். கன்றுள்ள மாடு நாயைக் கண்டால் பாயும்.

டிசம்பரில் கார் எடுத்து வரலாமா?

நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் அல்லது சக்கரச் சங்கிலி சட்டப்படி கட்டாயம். பா த பெரோல் கணவாயைப் பனிக்காலம் முழுக்க மூடிவிடுவார்கள்.

எங்களுக்கு முழுசாக ஒரே நாள்தான். எப்படிப் பிரித்துக்கொள்வது?

முராவில் முந்தின இரவே வந்து தங்குங்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் பா த பெரோல், புயி மரி ஏறி இறங்க பத்தரை. அங்கிருந்து மேற்கே இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குச் சாலேர். பிற்பகலில் இன்னொரு ஊரைத் துரத்தாதீர்கள். பாலாடைக்கட்டி செய்யும் பண்ணைகளில் பார்வையாளர்களை விடுகிறவர்கள் உண்டு. சாலேர் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டு, சாயங்காலக் கறவை நேரத்துக்கு ஒன்றில் போய் நில்லுங்கள்.